ரசீது கேட்ட அரசு

ஸ்டீவன் ஸ்பீல்பெர்கின் 'மியூனிக்' படத்தில் அதிகம் பேசப்படாத ஒரு சின்னக் காட்சி உண்டு. கொலைக்குழு ஒன்றுக்குத் தலைவனாக நியமிக்கப்பட்ட அவ்னெர், ஐரோப்பாவுக்குக் கிளம்பும் முன் இஸ்ரேலிய உளவுத்துறையான மொசாட்டின் கணக்காளர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். அரசுக்கும் அவனுக்கும் இனி ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று காகிதத்தில் முடிவாகிவிட்டது. பணம் மட்டும் சுவிஸ் வங்கிப் பெட்டகம் ஒன்றுக்கு வந்து சேரும். கணக்காளர் ஒரே ஒரு விஷயத்தில் விடாப்பிடியாக இருக்கிறார்: செலவு செய்யும் ஒவ்வொரு காசுக்கும் ரசீது வேண்டும். பார்ப்பவர்களைச் சற்றுப் புன்னகைக்க வைப்பதற்காக எழுதப்பட்ட காட்சிதான். ஆனால் இந்தப் படத்தின் அறக்கேள்வி முழுவதும் அந்த மேசையில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பணத்துக்கு ரசீது கேட்ட அதே அரசு, கொல்ல வேண்டிய பதினோரு பேரின் பெயர்களைக் கொடுத்தபோது, அவர்கள் குற்றவாளிகள்தான் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டைக்கூடக் கொடுக்கவில்லை. அவ்னெரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி அவன் வாயிலிருந்து வருவதற்குள் படம் முடியப்போகிறது, பட்டியலில் இருந்தவர்களில் பலர் இறந்துபோயிருக்கிறார்கள்.

இந்தப் படத்தைப் பற்றி எழுதும் எவரும் முதலில் சொல்ல வேண்டியது 1972 செப்டம்பர் 5 அன்று நடந்ததை. மியூனிக் ஒலிம்பிக் கிராமத்தில் விடியும் முன்பே 'கறுப்பு செப்டம்பர்' என்ற பாலஸ்தீன அமைப்பின் எட்டுப் பேர் வேலியேறிக் குதித்து, இஸ்ரேலிய அணியினர் தங்கியிருந்த கட்டடத்துக்குள் புகுந்தார்கள். எதிர்த்து நின்ற இருவரை அங்கேயே கொன்றார்கள். ஒன்பது பேரைப் பணயமாகப் பிடித்துக்கொண்டு, இஸ்ரேலியச் சிறைகளில் இருந்த இருநூறுக்கும் மேற்பட்டவர்களை விடுவிக்கச் சொன்னார்கள். அன்றிரவு ஃபூர்ஸ்டன்ஃபெல்ட்புரூக் விமானதளத்தில் மேற்கு ஜெர்மன் போலீஸ் நடத்திய மீட்பு முயற்சி படுதோல்வி அடைந்தது. எட்டுப் பேரைச் சுட அங்கே நிறுத்தப்பட்டிருந்தவர்கள் ஐந்தே பேர், அவர்களும் அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் அல்ல. கை கால் கட்டப்பட்ட நிலையில் ஹெலிகாப்டர்களுக்குள்ளேயே ஒன்பது பேரும் செத்தார்கள். பயிற்சியாளர்கள், மல்யுத்த வீரர்கள், பளுதூக்குபவர்கள், நடுவர்கள் என்று மொத்தம் பதினோரு பேர். ஒரு ஜெர்மன் போலீஸ்காரரும் இறந்தார். யூதர்கள் ஜெர்மன் மண்ணில் மறுபடியும் கட்டிவைத்துக் கொல்லப்பட்டார்கள், நாஜிகள் வீழ்ந்து 27 ஆண்டுகளில். அந்தக் கோபம் நியாயமானது என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. நான் கேட்பது, அந்தக் கோபத்தை ஓர் அரசு கையில் எடுக்கும்போது என்ன செய்யக் கடமைப்பட்டிருக்கிறது என்பதை.

மூன்று நாளில் இஸ்ரேலிய விமானங்கள் சிரியாவிலும் லெபனானிலும் குண்டு போட்டன. அதில் பொதுமக்களும் இறந்தார்கள். பிறகு பிரதமர் கோல்டா மேயரின் அனுமதியோடு ரகசிய வேட்டை தொடங்கியது. படம் இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. ஜார்ஜ் ஜோனஸ் 1984இல் எழுதிய நூலை அடிப்படையாக வைத்து டோனி குஷ்னரும் எரிக் ராத்தும் திரைக்கதை எழுதினார்கள். 2005 டிசம்பரில் படம் வெளிவந்தது. அந்த நூலில் வரும் 'அவ்னெர்' சொன்னதெல்லாம் உண்மையில்லை என்று மொசாட்டின் பழைய ஆட்கள் மறுத்திருக்கிறார்கள். அதனால் படத்தை வரலாறாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் ரோமிலும் பாரிசிலும் நிகோசியாவிலும் பெய்ரூட்டிலும் ஆட்கள் கொல்லப்பட்டது உண்மை. படம் எழுப்பும் கேள்வியை அந்த உண்மைகளின் மேல் வைத்துப் பார்க்க முடியும்.

முதல் ஆள் வாயெல் ஸுவைதர். ரோமில் லிபியத் தூதரகத்தில் மொழிபெயர்ப்பாளர். ஆயிரத்தொரு இரவுகள் கதைகளை இத்தாலிய மொழிக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார். 1972 அக்டோபர் 16 இரவு, தன் குடியிருப்பின் நுழைவாயிலில் சுட்டுக் கொல்லப்பட்டார். படத்தில் அவர் கையில் மளிகைப் பை இருக்கிறது. குண்டு பட்டுப் பாட்டில்கள் உடைந்து, பாலும் ரத்தமும் ஒன்றாகத் தரையில் ஓடுகின்றன. சுட வந்த இருவரும் அவர் பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், தாங்கள் ஏன் வந்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியுமா என்றும் கேட்கிறார்கள். அந்தத் தடுமாற்றத்தை ஸ்பீல்பெர்க் நீட்டிக் காட்டியிருப்பதைக் கொலைக்குப் புதியவர்களின் பயம் என்று பலரும் படிக்கிறார்கள். அதற்குள் ஒரு விசாரணையின் எச்சத்தைப் பார்க்கிறேன். ஒரு நீதிமன்றம் செய்திருக்க வேண்டிய வேலையை, துப்பாக்கியை நீட்டியபடியே இரண்டு பேர் அரை நிமிடத்தில் செய்யப் பார்க்கிறார்கள். ஸுவைதருக்கும் மியூனிக் தாக்குதலுக்கும் தொடர்பு இருந்ததா என்பது இன்றுவரை தீராத சர்ச்சை. இஸ்ரேலிய அதிகாரிகள் பலரிடம் பேசி இந்த வேட்டையைப் பற்றிப் புத்தகம் எழுதிய பத்திரிகையாளர் ஆரோன் கிளைன், அவரைக் கொன்றது தவறு என்ற முடிவுக்கே வருகிறார். கொல்லப்பட்டவர்களில் பலர் மியூனிக்கோடு நேரடித் தொடர்பில்லாதவர்கள், கைக்கு எட்டியவர்கள் என்பது அவர் வாதம். உண்மையான திட்டக்காரர்கள் கிழக்கு ஐரோப்பாவிலும் அரபு நாடுகளிலும் காவலுக்கு நடுவே இருந்தார்கள். ரோமில் காவல் இல்லாமல் வீட்டுக்கு நடந்து வருகிறவரைப் பிடிப்பது சுலபம்.

இங்கே வலுவான ஒரு மறுப்பு உண்டு. நீதிமன்றம் என்று பேசுவது எளிது, அந்த நேரத்தில் எந்த நீதிமன்றம் இருந்தது? விமானதளத்தில் உயிரோடு பிடிபட்ட மூவரையும் மேற்கு ஜெர்மனி எட்டு வாரம்கூட வைத்திருக்கவில்லை. அக்டோபர் 29 அன்று ஒரு லுஃப்தான்சா விமானம் கடத்தப்பட்டதும் விட்டுவிட்டது. அவர்கள் லிபியாவில் போய் இறங்கியபோது வரவேற்பு கிடைத்தது. தாக்குதலைத் திட்டமிட்டதாகப் பின்னாளில் தானே எழுதிய அபு தாவூத், 1977 ஜனவரியில் பாரிசில் கைதானார். ஜெர்மனியும் இஸ்ரேலும் அவரைக் கேட்டன. பிரான்ஸ் சில நாட்களிலேயே அவரை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டது. இப்படிப்பட்ட ஐரோப்பாவை நம்பி ஓர் அரசு கைகட்டி நிற்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு நான் எளிதான பதில் எதையும் வைத்திருக்கவில்லை. சட்டம் தோற்றது. அந்தத் தோல்விக்குப் பொறுப்பு ஐரோப்பிய அரசுகளுடையது.

ஆனால் தேதிகளைப் பாருங்கள். ஸுவைதர் சுடப்பட்டது அக்டோபர் 16. மூவரும் விடுவிக்கப்பட்டது அக்டோபர் 29. அதாவது, சட்டம் தோற்றுப்போனதால் துப்பாக்கி எடுத்தார்கள் என்ற விளக்கம் முதல் கொலைக்கே பொருந்தவில்லை. அன்று மூவரும் ஜெர்மன் சிறையில்தான் இருந்தார்கள், வழக்கு நடந்திருக்க முடியும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு நாசவேலை தொடர்பாக இத்தாலியப் போலீஸ் ஸுவைதரைப் பிடித்து விசாரித்து விடுவித்திருந்தது. அவர் எந்தப் போலீசுக்கும் எட்டாத இடத்தில் ஒளிந்திருந்தவர் அல்ல. அவருக்கு எதிராக இஸ்ரேலிடம் ஆதாரம் இருந்திருந்தால், அதைக் கொடுக்க ஓர் இடம் இருந்தது. கொடுத்து, இத்தாலி மறுத்திருந்தால், அந்த மறுப்பாவது பதிவாகியிருக்கும். வீட்டு வாசல்வரை அவரைப் பின்தொடர முடிந்த அமைப்புக்கு ஒரு கோப்பைத் தயாரிப்பது முடியாத காரியமாக இருந்திருக்காது. அந்த வழியில் போய்த் தோற்ற பிறகு எடுத்த முடிவு என்று இதைச் சொல்ல முடியவில்லை. போகவே இல்லை.

படமே இந்த இடத்தைக் கடைசியில் தொடுகிறது. நியூயார்க் ஆற்றங்கரையில், தன்னை அனுப்பிய அதிகாரி எஃப்ரைமிடம் அவ்னெர் ஆதாரம் கேட்கிறான். குற்றவாளிகள் என்றால் ஐக்மனைப் பிடித்ததுபோல் பிடித்திருக்கலாமே என்கிறான். இந்த ஒப்பீடு சாதாரணமானதல்ல. லட்சக்கணக்கான யூதர்களை மரண முகாம்களுக்கு ரயிலேற்றிய அடால்ஃப் ஐக்மனை 1960இல் அர்ஜென்டினாவிலிருந்து கடத்திக்கொண்டு வந்தது இதே மொசாட். இன்னொரு நாட்டின் இறையாண்மையை மீறிய செயல்தான் அது. ஆனால் கடத்தலின் முடிவில் ஒரு நீதிமன்றம் இருந்தது. 1961இல் ஜெருசலேமில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஐக்மன் உட்கார்ந்திருக்க, நூறுக்கும் மேற்பட்ட சாட்சிகள் வந்து பேசினார்கள். அவனுக்கும் ஒரு வழக்கறிஞர் இருந்தார். 1962இல் அவன் தூக்கிலிடப்பட்டபோது, அவன் என்ன செய்தான் என்பது உலகத்துக்கு முன் வரிவரியாக நிறுவப்பட்டிருந்தது. பிழைத்து வந்தவர்கள் பலர் தங்கள் கதையை முதன்முறையாகப் பொதுவில் சொன்னது அந்த மன்றத்தில்தான். தண்டனையைவிட அந்தச் சாட்சியங்கள்தான் இன்றும் வாழ்கின்றன. பதினொரு ஆண்டு கழித்து அதே அரசு தன்னுடைய அந்த உதாரணத்தையே மறந்துவிட்டது. எஃப்ரைமிடம் இதற்கு இருக்கும் பதில், இவர்கள் உயிரோடு இருந்தால் இஸ்ரேலியர்கள் சாவார்கள் என்பதுதான். ஆதாரம் எங்கே என்ற கேள்விக்கு அது பதிலாகாது.

எஃப்ரைமின் பதிலை எளிதில் ஒதுக்கிவிடவும் கூடாது. மொசாட்டின் அன்றைய தலைவர் ஸ்வி ஸமீர், விமானதளத்தில் அந்த இரவை நேரில் பார்த்தவர். இது பழிவாங்கல் அல்ல, வரப்போகும் தாக்குதல்களைத் தடுப்பதுதான் நோக்கம் என்று பிற்காலத்தில் அவர் அழுத்தமாகச் சொன்னார். அதை உண்மை என்றே எடுத்துக்கொள்வோம். அப்படியானால் அளவுகோல் இன்னும் கடுமையாகிறது. தடுப்பதற்காகக் கொல்கிறேன் என்று சொல்கிற அரசு, இந்த ஆள் நாளை என்ன செய்யப்போகிறான், அவனை வேறு வழியில் நிறுத்த முடியாதா என்ற இரண்டுக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். இதை நான் சொல்வதைவிட இஸ்ரேலின் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. படம் வந்த மறு ஆண்டு, 2006 டிசம்பரில், அஹரோன் பராக் தீர்ப்பு எழுதிய அமர்வு குறிவைத்துக் கொல்லும் நடைமுறையை முழுக்கச் சட்டவிரோதம் என்று சொல்ல மறுத்தது. அதே சமயம் நிபந்தனைகளை வைத்தது: நன்கு உறுதிப்பட்ட தகவல் வேண்டும், கைது செய்ய முடிந்தால் கொல்லக் கூடாது, அப்பாவிகளுக்கு நேரும் சேதம் அளவு மீறக் கூடாது, கொன்ற பிறகு சுதந்திரமான விசாரணை நடக்க வேண்டும். இந்த நிபந்தனைகள் பிற்பாடு எந்த அளவுக்குக் கடைப்பிடிக்கப்பட்டன என்பது வேறு விவாதம். ஆனால் அந்த அளவுகோலை ரோம் குடியிருப்பின் வாசலுக்கு எடுத்துப்போய் வைத்துப் பாருங்கள், பெரும்பாலானவை தேறாது. 1979 ஜனவரியில் பெய்ரூட்டில் கார் குண்டில் கொல்லப்பட்ட அலி ஹசன் சலாமேயை எடுத்தாலும் சிக்கல் தீரவில்லை. அவர் கறுப்பு செப்டம்பரின் முக்கியமான ஆள் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் தெருவில் போய்க்கொண்டிருந்தவர்களும் அந்தக் குண்டில் செத்தார்கள்.

படம் வெளிவந்தபோது எழுந்த பெரிய குற்றச்சாட்டு வேறு. கொலை செய்த பயங்கரவாதிகளையும் அவர்களைத் தண்டிக்கப் போனவர்களையும் ஸ்பீல்பெர்க் ஒரே தராசில் வைத்துவிட்டார் என்றார்கள். ஏதென்ஸ் மாடிப்படியில், எதிரே நிற்பவன் யாரென்று தெரியாமல், ஒரு பாலஸ்தீன இளைஞன் அவ்னெரிடம் தன் மண்ணைப் பற்றிப் பேசும் காட்சி பலரை எரிச்சலூட்டியது. இந்தக் குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. ஒருவனுக்கு வீடு வேண்டும் என்று ஆசை இருப்பதைக் காட்டுவது அவன் செய்ததை மன்னிப்பதாகாது. சொல்லப்போனால், இருவரும் ஒன்றல்ல என்று வாதாடுகிறவர்கள்தான் அரசிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டும். கறுப்பு செப்டம்பருக்கு நீதிமன்றம் இல்லை, நாடாளுமன்றம் இல்லை, கேள்வி கேட்கும் பத்திரிகை இல்லை. இஸ்ரேலுக்கு இவை எல்லாம் இருந்தன. வேறுபாடு அங்கேதான் இருந்தது. பெயரில்லாத ஆட்களை, கையெழுத்தில்லாத உத்தரவோடு, மறுக்கத் தோதான விதத்தில் அனுப்பியபோது அந்த வேறுபாட்டை அரசே தன் கையால் ஒதுக்கி வைத்தது. கொலைக்குழு வேலை செய்ய வேண்டுமென்றால் அப்படித்தான் ஆக வேண்டும். படத்தில் குறிகளின் இருப்பிடத்தைச் சொல்வது லூயி என்ற பிரெஞ்சு வியாபாரி. தகவலை யாருக்கும் விற்பான், வாங்குகிறவன் எந்த அரசுக்கும் வேலை செய்யக் கூடாது என்பதுதான் அவன் வீட்டு விதி. அரசு தன் அடையாளத்தைக் கழற்றி வைத்த பிறகே அவன் கடையில் நுழைய முடிகிறது. குஷ்னரும் ராத்தும் எழுதியதில் மிகக் கூர்மையான விஷயம் இது.

இவ்வளவு கூர்மையான படம் ஓரிடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்பதுதான் என் வருத்தம். போகப்போக அது அவ்னெரின் தூக்கமின்மைக்குள் இறங்குகிறது. மெத்தையைக் கிழித்துக் குண்டு தேடுகிறான், அலமாரிக்குள் படுத்துத் தூங்குகிறான், மனைவியோடு இருக்கும்போதும் விமானதளத்துக் காட்சிகள் வந்து மோதுகின்றன. குண்டு செய்யும் ராபர்ட், யூதன் என்றால் அறத்தோடு இருக்க வேண்டாமா என்று உடைந்து பேசுகிறான். இவையெல்லாம் நன்றாக நடிக்கப்பட்ட, உண்மையான வலியுள்ள காட்சிகள். ஆனால் படம் நம்மைக் கேட்க வைப்பது, கொன்றவனின் ஆன்மா என்ன ஆகும் என்ற கேள்வியை. பழிவாங்கலின் விலையைக் கொலையாளியின் மனத்தில் அளந்தால், மனம் கலங்காத ஒருவனை அனுப்பினால் பிரச்சினை தீர்ந்தது என்று ஆகிவிடும். டேனியல் கிரெய்க் நடித்த ஸ்டீவ் அப்படிப்பட்டவன்தான், அவன் நன்றாகத் தூங்குகிறவன். அவன் சுட்டால் மட்டும் சரியாகிவிடுமா? தவறான ஆளைக் கொன்றுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம், சரியான ஆளைக் கொன்றுவிட்டு வாழ்நாள் முழுக்க நடுங்கலாம். அவ்னெரின் நடுக்கம் அந்தப் பதினோரு பெயர்களைப் பற்றி நமக்கு எதையும் சொல்லாது.

தவறான ஆள் என்று நான் சொன்னது கற்பனை இல்லை. 1973 ஜூலை 21 இரவு, நார்வேயின் லில்லிஹாமர் என்ற சிறிய ஊரில், சினிமா பார்த்துவிட்டுப் பேருந்தில் வந்து இறங்கி, கர்ப்பிணி மனைவியோடு வீட்டுக்கு நடந்துகொண்டிருந்த ஒருவரை மொசாட் குழு சுட்டுக் கொன்றது. அவர் அலி ஹசன் சலாமே என்று நினைத்தார்கள். அவர் அஹ்மத் பூஷிகி, மொராக்கோவிலிருந்து வந்து அங்கே உணவக ஊழியராக வேலை பார்த்தவர். ஆறு பேர் பிடிபட்டார்கள். ஐந்து பேருக்கு நார்வே நீதிமன்றம் சிறைத் தண்டனை கொடுத்தது, இரண்டு ஆண்டுகளுக்குள் எல்லோரும் விடுதலையானார்கள். மியூனிக்கில் உயிரோடு பிடிபட்ட மூவரும் எந்தக் கூண்டிலும் ஏறவில்லை. அங்கே இறந்தவர்களுக்காகப் பழி வாங்கக் கிளம்பியவர்கள் ஏறினார்கள். இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும் படத்தில் லில்லிஹாமர் இல்லை. ஜோனஸின் நூல் வேறொரு குழுவின் கதை என்று காரணம் சொல்லலாம். ஆனால் அவ்னெரின் கேள்விக்கு வரலாறு தந்த பதில் லில்லிஹாமர்தான். அதை விட்டுவிட்டதால், படத்தில் கொல்லப்படும் ஒவ்வொருவரும் 'ஒருவேளை குற்றவாளியாக இருக்கலாம்' என்ற மங்கலிலேயே நிற்கிறார்கள். ஒருவர்கூடத் திட்டவட்டமாக நிரபராதி என்று நம் முன் விழுவதில்லை.

நம் மொழியில் இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் கொடுங்கோலன் அல்ல. சிலம்பு காணாமல் போனது உண்மை, புகார் சொன்னவன் அரண்மனைப் பொற்கொல்லன், பாண்டியன் அவசரத்தில் ஒரு வாக்கியம் சொன்னான், கோவலன் வெட்டப்பட்டான். பாண்டியன் செய்த குற்றம் விசாரிக்காதது. கண்ணகி அவன் சபைக்கு வந்து சிலம்பை உடைத்துக் காட்டியது ஆதாரத்தை. உள்ளே இருந்தது முத்தா மாணிக்கமா என்பதுதான் வழக்கு. அந்தப் பரல் தெறித்த கணத்தில் பாண்டியன் தவறு தன்னுடையது என்று அரியணையிலிருந்தே ஒப்புக்கொண்டு உயிர் விட்டான். கண்ணகி பிறகு மதுரையை எரித்தது வேறு கதை, அவள் பழியும் கேள்விக்குரியதுதான். ஆனால் அவள் போய் நிற்பதற்கு ஒரு சபை இருந்தது, தீர்ப்புச் சொன்னவன் யாரென்று ஊருக்கே தெரிந்திருந்தது.

லில்லிஹாமரில் கணவனை இழந்த பூஷிகியின் மனைவி போய் நிற்க இஸ்ரேலில் எந்தச் சபையும் திறந்திருக்கவில்லை. மியூனிக்கில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் இந்த வேட்டை எதையும் திறந்துகொடுக்கவில்லை. அவர்கள் பல ஆண்டு காலம் ஜெர்மன் ஆவணங்களுக்காகவும் ஓர் ஒப்புதலுக்காகவும் போராட வேண்டியிருந்தது. ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஒரு மௌன அஞ்சலி நடந்தது 2021இல், டோக்கியோவில். ஜெர்மன் அதிபர் மன்னிப்புக் கேட்டதும், 2 கோடியே 80 லட்சம் யூரோ இழப்பீட்டுக்கு உடன்பாடு வந்ததும் 2022இல். பூஷிகியின் குடும்பத்துக்கு இஸ்ரேல் 1996இல் பணம் கொடுத்தது. கொலைக்குப் பொறுப்பேற்கவில்லை என்பதையும் அப்போதே தெளிவாகச் சொன்னது. தந்தை சுடப்பட்ட இரவில் வயிற்றில் இருந்த குழந்தைக்கு அதற்குள் 22 வயது ஆகியிருந்தது.